முந்நூற்று நாலிலிருந்து ஸ்லாம் வரை

கடலூர், சிதம்பரம் பக்கத்து வீடுகளில் சீட்டுக்கட்டை எடுத்தால், ரம்மிக்கு அடுத்தபடி நினைவுக்கு வருவது முந்நூற்று நாலு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76 வீதம் நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. ஊருக்கு ஊர் விதி கொஞ்சம் மாறும். ஆனால் ஒன்று மாறாது: முதலில் கைக்கு வருவது நாலே நாலு சீட்டு. அதை வைத்துத்தான் ஏலம் கேட்க வேண்டும், துருப்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மீதி நாலு பிறகுதான் வரும். கேட்பவர் பாதிக் கையையும் தன் துணிச்சலையும் நம்பிக் கேட்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டாளியிடம் என்ன இருக்கிறது என்று அறிய ஏலத்தில் வழி மிகக் குறைவு. கண் ஜாடையும் அர்த்தமுள்ள இருமலும் அந்த ஆட்டத்தோடு கூடவே வளர்ந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அந்தப் பழக்கத்தில் ஊறியவர்கள் பிரிட்ஜுக்கு வந்தால் ஆட்டத்தில் சீக்கிரம் தேறிவிடுகிறார்கள். விழுந்த சீட்டை எண்ணுவது, எதிராளியின் துருப்பை உருவுவது, எப்போது வெட்டுவது, எப்போது விடுவது எல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கும். ஆறு மாதத்தில் கேம், அதாவது நாலு இஸ்பேட் போன்ற பரிசுள்ள ஒப்பந்தம், ஆடக் கற்றுக்கொள்வார்கள். அதற்குப் பிறகு பலர் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அந்த இடம் ஸ்லாம்: மொத்தமுள்ள 13 பிடியில் 12 அல்லது 13-ஐயும் எடுப்பதாக ஏலத்திலேயே சொல்லிவிட்டு ஆடுவது. ஒன்று, இருக்கும் ஸ்லாமைக் கேட்காமல் நாலு இஸ்பேடில் அடங்கிவிடுகிறார்கள். அல்லது நல்ல கை வந்த உற்சாகத்தில் நேரே ஆறுக்குப் பாய்ந்து முதல் இரண்டு பிடியிலேயே தோற்கிறார்கள். ஸ்லாம் கேட்பதா வேண்டாமா என்பதை எதை வைத்து முடிவு செய்வது? நூறாண்டாகப் பல பேர் பல விடை சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் தேறிவரும் ஆட்டக்காரருக்கு எது உதவும், எது ஏமாற்றும் என்று பார்ப்பதே இங்கே நோக்கம்.

இந்தக் கேள்வி எப்படிப் பிறந்தது என்பதே சுவையான கதை. முன்பிருந்த ஆக்‌ஷன் பிரிட்ஜில் இரண்டு இஸ்பேட் கேட்டுவிட்டு 12 பிடி எடுத்தாலும், எடுத்த பிடிகள் அத்தனையும் கேமுக்குச் சேரும், ஸ்லாமுக்கான பரிசும் கிடைக்கும். பிறகு யார் மெனக்கெட்டு உயரக் கேட்பார்? கேட்ட அளவுக்கு மட்டுமே கேம் கணக்கு என்ற மாற்றத்தை முதல் உலகப் போருக்கு முன்பே புனேயில் ஹியூ கிளேட்டனும் நண்பர்களும் 'எஸ்.ஏ.சி.சி.' என்ற பெயரில் ஆடிப் பார்த்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களின் பிளாஃபோன் ஆட்டத்திலும் அது இருந்தது. 1925-இல் அமெரிக்கக் கோடீசுவரர் ஹரால்ட் வாண்டர்பில்ட், பனாமா கால்வாய் வழியாகப் போன 'ஃபின்லாந்து' கப்பலில் நண்பர்களோடு ஆடும்போது அதற்கு ஒரு முழுமையான மதிப்பெண் முறையை வகுத்தார். ஸ்லாமுக்குக் கேட்டால்தான் பரிசு, அதுவும் பெரிய பரிசு. அன்று முதல் ஏலம் ஆட்டத்துக்கான முன்னுரையாக இல்லாமல், ஆட்டத்தின் பாதியாகிவிட்டது.

இன்றைய கணக்கில் சின்ன ஸ்லாமுக்கு 500 புள்ளி, வல்னரபிளாக (பரிசும் அபராதமும் கூடும் நிலையில்) இருந்தால் 750. பெரிய ஸ்லாமுக்கு 1000, 1500. நாலு இஸ்பேட் கேட்டு 12 பிடி எடுத்தால் 480. ஆறு கேட்டு அதே 12 எடுத்தால் 980. ஆறு கேட்டு 11-தான் வந்தால் 50 நஷ்டம். நாலில் நின்றிருந்தால் அந்த 11 பிடிக்கு 450 வந்திருக்கும். கிடைப்பதும் 500, இழப்பதும் 500. அணிப் போட்டியின் மதிப்பெண்ணான ஐ.எம்.பி. கணக்கில் இரண்டுமே 11. ஆகவே சின்ன ஸ்லாம் கேட்க நூற்றுக்கு 50 வாய்ப்பு போதும். ஒரே ஒரு ஃபினெஸ் (வெளியே உள்ள பெரிய சீட்டு குறிப்பிட்ட எதிராளியிடம் இருக்கும் என்று நம்பி ஆடுவது) பலித்தால் போதும் என்ற நிலையில் கேட்டால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. எதிராளிகளிடம் இருக்கும் ஐந்து துருப்பும் 3-2 என்று பிரிந்தால் போதும் என்றால், அது நூற்றுக்கு 68 தடவை நடக்கும். அந்த ஸ்லாமைக் கேட்காமல் விடுவது நஷ்டம். இரண்டு ஃபினெஸும் பலிக்க வேண்டும் என்றால் 25 மட்டுமே. விட்டுவிட வேண்டியதுதான்.

வாய்ப்பு எவ்வளவு வேண்டும் என்பது இப்படித் தெளிவாகத் தெரிகிறது. நம் ஜோடியின் 26 சீட்டும் அந்த வாய்ப்பைத் தருகின்றனவா என்பதை 13 சீட்டை மட்டும் பார்த்துக்கொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கேதான் சண்டை.

எல்லோரும் முதலில் கற்பது ஆஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்ற புள்ளிக் கணக்கு. மில்டன் வொர்க் பெயரால் வழங்கிய இதை 1940-களின் இறுதியில் சார்லஸ் கோரன் வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தார். கட்டு முழுக்க 40 புள்ளி. ஜோடிக்கு 33 இருந்தால் சின்ன ஸ்லாம், 37 இருந்தால் பெரிய ஸ்லாம். 33 இருந்தால் எதிராளிகளிடம் மிஞ்சுவது 7. இரண்டு ஆஸ் என்றால் 8 ஆகிவிடும் என்பதால், இரண்டு ஆஸ் வெளியே இருக்க முடியாது. அழகான கணக்கு. இரண்டு பேருக்கும் சமச்சீரான கை விழுந்து நோ-டிரம்ப் ஆடும்போது இதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

துருப்பு வந்துவிட்டால் இந்தக் கணக்கு தடுமாறுகிறது. ஒற்றைச் சீட்டும் வெட்டும் எத்தனை ராணிக்குச் சமம் என்று புள்ளி சொல்லாது. அந்தக் குறையைப் போக்க 1930-களில் வந்தது இழப்புப் பிடிக் கணக்கு. டட்லி கோர்ட்னி 1934-இல் அதைப் பரப்பினார். ஒவ்வோர் இனத்திலும் முதல் மூன்று சீட்டை மட்டும் பார். ஆஸ், ராஜா, ராணி இல்லாத இடம் ஒவ்வொன்றும் ஓர் இழப்பு. இருவர் இழப்பையும் கூட்டி 24-இல் கழித்தால் வரப்போகும் பிடி. துருப்புப் பொருத்தம் கிடைத்த பிறகு இது புள்ளியைவிட நன்றாக வேலை செய்யும். எனக்கும் பிடித்த கணக்குதான். ஆனால் அதுவும் எங்கே கைவிடுகிறது என்று பார்க்க, ஒரு கையை மேசைமேல் விரித்துவைத்துப் பார்ப்போம்.

பார்ட்னர் கையில்: இஸ்பேட் ராணி, ஜாக்கி, 6, 3, ஆர்ட்டின் ராஜா, ராணி, 7, 2, டைமன் ஆஸ், 8, 5, 2, கிளாவரில் ஒரே ஒரு 4. மொத்தம் 12 புள்ளி.

நீங்கள் ஒரு இஸ்பேட் என்று ஏலத்தைத் தொடங்கியிருக்கிறீர்கள். உங்கள் கை இப்படி இருக்கலாம்: இஸ்பேட் ஆஸ், ராஜா, 8, 7, 4, ஆர்ட்டின் ஆஸ், 5, டைமன் ராஜா, 6, 3, கிளாவர் 9, 7, 2. அல்லது இப்படியும் இருக்கலாம்: இஸ்பேட் ஆஸ், 10, 8, 7, 4, ஆர்ட்டின் ஆஸ், 5, டைமன் ஜாக்கி, 6, 3, கிளாவர் ராஜா, ராணி, 7. இரண்டுக்கும் 14 புள்ளி, இரண்டும் 5-2-3-3. இழப்புக் கணக்கு போட்டாலும் இரண்டிலும் 7. பார்ட்னருக்கு 6. இருபத்து நாலில் பதின்மூன்று போனால் 11. புள்ளியும் சரி, இழப்பும் சரி, இரண்டு கையும் ஒன்றே என்று சாதிக்கின்றன.

முதல் கையை ஆடிப் பாருங்கள். ஒரு கிளாவர் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் பார்ட்னர் கையில் வெட்டலாம். ஆர்ட்டின் ராணியின்மேல் டைமன் 3-ஐக் கழித்துவிடலாம். கையில் ஐந்து துருப்பு, அங்கே இரண்டு வெட்டு, ஆர்ட்டின் மூன்று, டைமன் இரண்டு. ஆக 12. துருப்பு 2-2 என்றோ 3-1 என்றோ பிரிந்தால் பெரிய சிரமமில்லை. ஜோடிக்கு 26 புள்ளிதான் இருக்கிறது. 33-க்குக் கிட்டேயே இல்லை, ஆனாலும் ஸ்லாம். இரண்டாவது கையில் கிளாவர் ஆஸ் போகும், டைமனில் ஒன்று போகும், இஸ்பேட் ராஜா எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அதுவும் போகலாம். பத்தோ பதினொன்றோதான். நாலு இஸ்பேடுக்கு மேல் ஓர் அடிகூட வைக்கக் கூடாது.

வித்தியாசம் எங்கே? இரண்டாவது கையின் கிளாவர் ராஜாவும் ராணியும், பார்ட்னரின் ஒற்றைச் சீட்டுக்கு எதிரே உட்கார்ந்து பெருமளவு வீணாகின்றன. முதல் கையில் அந்த ஐந்து புள்ளி இஸ்பேடிலும் டைமனிலும் வேலை செய்கின்றன. இந்த உண்மை உங்கள் கையிலும் இல்லை, பார்ட்னர் கையிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தனித்தனியே எண்ணிக் கூட்டும் எந்தக் கணக்குக்கும் அது அகப்படாது. ஒருவர் தன் கையின் வடிவத்தைச் சொல்ல, மற்றவர் தன் சீட்டை மறுபடி எடைபோட வேண்டும்.

அதற்கு ஏலத்தில் ஒரு வழி உண்டு. 1960-களில் அமெரிக்க வீராங்கனை டோரதி ஹெய்டன் அறிமுகப்படுத்திய ஸ்பிளிண்டர். ஒரு இஸ்பேட் என்ற தொடக்கத்துக்கு விடையாக ஒரேயடியாக நாலு கிளாவர் என்று தாவினால், 'இஸ்பேட் நாலாவது இருக்கிறது, கேமுக்கு வேண்டிய பலம் இருக்கிறது, கிளாவரில் ஒன்றுதான் அல்லது அதுவும் இல்லை' என்று பொருள். அதைக் கேட்டதும் முதல் கைக்காரர் தன் 9, 7, 2-ஐப் பார்த்து மகிழ வேண்டும். இரண்டாவது கைக்காரர் ராஜா, ராணியைப் பார்த்து முகம் சுளிக்காமல் நாலு இஸ்பேட் சொல்லி முடிக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். மூன்று சொத்தைச் சீட்டு நல்லது, ராஜா ராணி கெட்டது என்றால் யாருக்குத்தான் மனம் ஒப்பும்? என் கணிப்பில் கையை எடைபோடும் திறமையின் பாதி இந்த ஒரு புரிதல்தான்.

முதல் கைக்காரர் தொடர்ந்து நாலு டைமன் என்பார்: டைமனில் ஆஸோ ராஜாவோ இருக்கிறது என்ற தகவல். பார்ட்னர் நாலு ஆர்ட்டின் என்பார்: அங்கே எனக்குப் பிடிமானம் உண்டு. எல்லா இனமும் அடைபட்டுவிட்டது தெரிந்த பிறகுதான் நாலு நோ-டிரம்ப் வருகிறது.

நாலு நோ-டிரம்ப். இந்தக் கேள்வியைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. இண்டியானாபொலிஸ் நகரின் காப்பீட்டுத் துறைக்காரர் ஈஸ்லி பிளாக்வுட் 1933-இல் உருவாக்கியது. பார்ட்னரிடம் எத்தனை ஆஸ் என்று கேட்கும், அவர் ஐந்தாம் நிலையில் படிப்படியாக விடை சொல்வார். துருப்பு ராஜாவையும் ஐந்தாவது ஆஸாக எண்ணும் கீகார்ட் வடிவம்தான் இப்போது பெரும்பாலோர் ஆடுவது. துருப்பு ராணி இருக்கிறதா என்றும் அதில் கேட்டுக்கொள்ளலாம். உலகத்திலேயே அதிகம் பேருக்குத் தெரிந்த பிரிட்ஜ் மரபு இது. அதிகம் பேரைக் கவிழ்த்ததும் இதுதான். முந்நூற்று நாலிலிருந்து வருபவர்களுக்கு இதன்மேல் தனிக் காதல். ஏலத்தின் கடிவாளம் ஒரே ஆள் கையில் இருக்கிறது, விடை எண்ணாக வருகிறது, முடிவும் அவருடையதே. பழைய பழக்கத்துக்குச் சட்டை மாற்றிப் போட்டதுபோல.

ஒரு கை: இஸ்பேட் ராஜா, ராணி, ஜாக்கி, 9, 8, 4, ஆர்ட்டின் 7, 4, டைமன் ஆஸ், ராஜா, ராணி, கிளாவர் ஆஸ், 6. ஒரு இஸ்பேட் என்று தொடங்குகிறார். பார்ட்னர் மூன்று இஸ்பேட் என்று உயர்த்துகிறார். அவரிடம் இஸ்பேட் ஆஸ், 10, 6, 3. ஆர்ட்டின் ராணி, 8, 3. டைமன் 7, 5, 2. கிளாவர் ராஜா, ராணி, 5. தொடங்கியவர் உடனே நாலு நோ-டிரம்ப். ஒரு கீகார்ட் என்று விடை. ஒரே ஒரு ஆஸ்தானே வெளியே என்று ஆறு இஸ்பேட். எதிராளி ஆர்ட்டின் ஆஸையும் ராஜாவையும் அடித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் போடுகிறார். ஆட்டம் முடிந்ததும் எந்த மேசையிலும் கேட்கக்கூடிய உரையாடல் இது:

"ஏம்பா, நாலு நோ-டிரம்ப் போட்டியே, ஆர்ட்டின்ல என்ன வச்சிருந்த?"

"ஏழும் நாலும் சார்."

"எங்கிட்ட ராணியோட மூணு. அப்ப ஆஸும் ராஜாவும் எங்க இருக்கும்?"

"ஒரு ஆஸ்தானே சார் போச்சு. மிச்சமெல்லாம் நம்மகிட்ட இருக்கேன்னு பாத்தேன்."

"மிச்சம் பன்னெண்டு பிடி இருந்துச்சுதான். முதல் ரெண்டை அவன் எடுத்துட்டானே."

அதுதான் விஷயம். இஸ்பேட் ஆறு, டைமன் மூன்று, கிளாவர் மூன்று என்று 12 பிடி மேசையிலேயே இருந்தன. ஸ்லாமுக்குக் கேள்வி இரண்டு: நமக்கு 12 பிடி உண்டா, அவர்கள் நமக்கு முன் இரண்டு எடுத்துவிடுவார்களா? நாலு நோ-டிரம்ப் முதல் கேள்வியைத் தொடுவதே இல்லை. இரண்டாவதையும் அரைகுறையாகத்தான் தொடுகிறது. எத்தனை என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. ஓர் இனத்தில் இரண்டு சொத்தைச் சீட்டு வைத்துக்கொண்டு ஆஸ் எண்ணிக்கை கேட்பதில் அர்த்தமில்லை. ஓர் இனமே இல்லாத கையோடு கேட்பதும் அப்படியே. பார்ட்னர் சொல்லும் ஆஸ் அந்த வெற்று இனத்தில் இருந்தால் அதனால் என்ன பயன்?

அதே கையைக் கியூ பிட் வழியில் கேட்டுப் பாருங்கள். மூன்று இஸ்பேடுக்குப் பிறகு நாலு கிளாவர்: இங்கே எனக்குக் காவல் உண்டு. பார்ட்னர் டைமனைத் தாண்டுகிறார், ஆர்ட்டினையும் தாண்டுகிறார், நாலு இஸ்பேட் என்கிறார். தாண்டியதே தகவல். டைமன் உங்களிடம் இருக்கிறது, கவலையில்லை. ஆர்ட்டின் இருவரிடமும் இல்லை. பாஸ். ஆஸையும் ராஜாவையும் சமமாகப் பாவித்துக் கீழிருந்து மேலே அடுக்கிச் சொல்லும் இந்தப் பாணியை இத்தாலிய புளூ டீம் உலகத்துக்குக் காட்டியது. முதலில் ஆஸை மட்டுமே காட்டும் பழைய ஆங்கிலோ-அமெரிக்கப் பழக்கத்தைவிட இது மேல் என்பதில் இப்போது அதிகம் விவாதம் இல்லை. தேறிவரும் ஜோடி புதிதாக ஒன்றே ஒன்று கற்பதானால் நான் இதைத்தான் சொல்வேன். ஸ்பிளிண்டர் அடுத்தது. பிளாக்வுடை அவர்கள் ஏற்கெனவே வேண்டிய அளவுக்குமேல் கற்றிருப்பார்கள்.

இங்கே இன்னொரு கணக்கும் உண்டு. ஐந்தாம் நிலை இலவசமல்ல. நாலு இஸ்பேடுக்குரிய பத்துப் பிடிதான் இருக்கிறது, ஆஸ் விசாரணையில் ஐந்து இஸ்பேடுக்குப் போய்விட்டோம் என்றால் 420 வர வேண்டிய இடத்தில் 50 நஷ்டம். பத்து ஐ.எம்.பி. போச்சு. வல்னரபிள் என்றால் 12. ஆகவே விசாரணையைக் கேமுக்குக் கீழேயே முடித்துக்கொள்ள வேண்டும். இப்போது பரவலாக ஆடப்படும் 'டூ-ஓவர்-ஒன்' முறையில் இரண்டாம் நிலைப் பதிலே கேம் உறுதி என்று வைத்திருப்பதற்கு முக்கிய லாபம் இதுதான். மூன்றாம் நிலையிலேயே துருப்பை நிச்சயித்துக்கொண்டு நிதானமாகப் பேசலாம். சி.சி. வெய் வகுத்த பிரிசிஷன் போன்ற முறைகளில் பலமான கை எல்லாமே ஒரு கிளாவர் என்று தொடங்குவதும் அதே இட வசதிக்காகத்தான். அந்த முறையை ஆடி, உலக அணிப் போட்டியான பெர்முடா பௌலில் 1969-இல் தைவான் இரண்டாமிடம் வந்து உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஆனால் முறையை மாற்றினால் ஸ்லாம் தானாக வரும் என்று நம்பி ஆண்டுக்கொரு முறை மாற்றும் ஜோடிகளைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது.

விசாரணையைத் தொடங்கலாமா என்று தயங்கும் இடத்துக்குப் பழைய சோதனை ஒன்று இருக்கிறது. பார்ட்னர் இதுவரை சொன்னதற்குப் பொருந்தும் மிகக் குறைந்த கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் குறைந்த சீட்டுகள் நமக்கு வேண்டிய இடத்தில் இருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். அப்போதும் 12 பிடி வரவில்லை என்றால் பேசாமல் கேமில் நிற்கலாம். சுலபமாக வருகிறது என்றால் ஒரு கியூ பிட் கேட்டுப் பார்ப்பதில் ஆபத்தில்லை. கேட்டுப் பார்ப்பது வேறு, கட்டாயப்படுத்துவது வேறு. பார்ட்னர் ஆர்வம் காட்டாவிட்டால் விட்டுவிட வேண்டும். ஒரே கையை இரண்டு தடவை ஏலம் கேட்பதுதான் இந்த இடத்தில் வழக்கமான குற்றம்.

எதிராளிகள் குறுக்கே புகுந்துவிட்டால் இத்தனை நாகரிகத்துக்கும் இடமிருக்காது. பிரெஞ்சுக்காரர் ழான்-ரெனே வெர்ன் 1960-களில் எழுதி, லாரி கோஹன் 1992-இல் பரப்பிய மொத்தப் பிடி விதி, கேமுக்குக் கீழான ஒப்பந்தச் சண்டையில் உதவும். ஸ்லாமில் அவ்வளவாக உதவாது. அவர்கள் ஓர் இனத்தை வலுவாக ஏற்றிக் கேட்டால், அந்த இனத்தில் நம் பார்ட்னரிடம் குறைவாகத்தான் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். எதிராளிகளே இலவசமாகச் சொல்லித் தரும் ஸ்பிளிண்டர் அது.

பெரிய ஸ்லாம் விஷயத்தில் புத்தகம் சொல்வதற்கும் நம் ஊர் மேசைக்கும் தூரம் அதிகம். மற்ற மேசையில் ஆறு கேட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், ஏழு கேட்டு எடுத்தால் 11 ஐ.எம்.பி. லாபம், ஒரு பிடி குறைந்தால் 14 நஷ்டம். ஆகவே 56 விழுக்காடு வாய்ப்பு இருந்தால் கேட்கலாம் என்பது கணக்கு. சரி. ஆனால் மற்ற மேசையில் நாலு இஸ்பேடோடு நின்றுவிட்டார்கள் என்றால்? அப்போது ஆறு கேட்டாலே 11 ஐ.எம்.பி. நமக்கு வந்துவிட்டது. ஏழு கேட்டு ஜெயித்தால் 14. கூடுதல் லாபம் மூன்றுதான். தோற்றால் கிடைத்த 11 போய் மேலும் 11 போகும், இழப்பு 22. மூன்றுக்காக இருபத்திரண்டைப் பணயம் வைக்க 88 விழுக்காடு நிச்சயம் வேண்டும். ஸ்லாமே பாதிப்பேர் கேட்காத உள்ளூர்ப் போட்டியில் 13 பிடியையும் விரல்விட்டு எண்ண முடிந்தாலன்றி ஏழு கேட்காதீர்கள் என்பேன். தேசியப் போட்டிக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம்.

ஏலம் ஒரு மொழி. ஒன்று முதல் ஏழு வரை, நாலு இனமும் நோ-டிரம்பும்: 35 கேள்வி. பாஸ், டபுள், ரீடபுள் சேர்த்தால் மொத்தச் சொற்கள் 38. இதற்கு வெளியே ஒரு சொல்லும் கூடாது. முந்நூற்று நாலில் சிரித்து மழுப்பும் ஜாடைக்கு இங்கே வாழ்நாள் தடை வரை தண்டனை உண்டு. அப்படிப்பட்ட ஜாடை பற்றிய பெரும் சர்ச்சை ஒன்று தமிழ்நாட்டு வாசல் வரை வந்தது: 2015 செப்டம்பர், அக்டோபரில் உலக அணிகள் போட்டி சென்னையில் நடந்தது. அதற்குச் சில வாரம் முன்புதான் நார்வே வீரர் போயெ பிரோகிலாண்ட் சில முன்னணி ஜோடிகள்மேல் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். வீடியோக்களை ஓட்டிப் பார்த்தவர்கள், ஏலம் முடிந்ததும் பலகையை மேசையில் எங்கே வைக்கிறார்கள், சீட்டை நெடுக்கில் போடுகிறார்களா குறுக்கில் போடுகிறார்களா என்றெல்லாம் துருவினார்கள். இஸ்ரேல், ஜெர்மனி, மொனாக்கோ அணிகள் சென்னைக்கு வராமல் விலகின. போலந்தின் ஒரு ஜோடிக்குத் தொடக்கத்துக்குச் சற்று முன் அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. எஞ்சியவர்களோடு ஆடிய போலந்தே இறுதியில் சுவீடனை வென்று பெர்முடா பௌலை எடுத்துச் சென்றது.

உள்ளூர் ஆட்டக்காரருக்கு வரும் சோதனை இவ்வளவு பெரியதல்ல, ஆனால் அடிக்கடி வரும். அதுவும் ஸ்லாம் ஏலத்தில்தான் அதிகம் வரும். பார்ட்னர் நாலு இஸ்பேடை உடனே சொன்னால் ஸ்லாமில் ஆர்வம் இல்லை என்று பொருள். அரை நிமிடம் கூரையைப் பார்த்துவிட்டுச் சொன்னால், மனசுக்குள் ஸ்லாம் ஓடுகிறது என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அந்தத் தயக்கத்தைக் கேட்டுவிட்டு மேலே போவதை ஆட்ட விதிகளின் 16-ஆம் விதி தடுக்கிறது. நியாயமாக ஆட ஒரே வழி, எல்லாக் கேள்வியையும் ஒரே நிதானத்தில் சொல்வது. இன்னொன்று, தங்கள் மரபுகள் என்னவென்று எதிராளி கேட்டால் முழுக்க விளக்கிச் சொல்லிவிட வேண்டும். ரகசியமாகத் துருப்பைக் கவிழ்த்து வைத்துப் பழகியவர்களுக்கு இது சற்றுக் கசக்கும்.

சீட்டுக்கட்டு என்றாலே முகம் சுளிக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கு இரண்டு செய்தி சொல்லலாம். 1967-இல் செகந்திராபாத் மன்றம் ஒன்றின் வழக்கில் ரம்மி திறமை ஆட்டமே என்று சொன்ன உச்ச நீதிமன்றம், அதிலுள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டு விழும் அதிர்ஷ்டத்தைப் போன்றதே என்று ஒப்பிட்டது. பிரிட்ஜின் திறமை அப்போதே கேள்விக்கு அப்பாற்பட்டதாக இருந்திருக்கிறது. இரண்டாவது, 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்ந்தபோது ஆடவர் ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கியவர்கள் கொல்கத்தாவின் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும். அவர்கள் வயது அப்போது 60, 56. அடுத்து ஹாங்சோவில் 2023-இல் நடந்த ஆசிய விளையாட்டில் ஆடவர் அணி ஹாங்காங்கிடம் இறுதியில் தோற்று வெள்ளி பெற்றது. வருடக்கணக்காக ஒரே ஆளோடு உட்கார்ந்து பேசிப் பழகியவர்களுக்கு வயது தடையில்லாத ஆட்டம் இது.

அப்படிப் பேசிப் பழக கடலூரிலும் சிதம்பரத்திலும் என்ன வசதி? நாலு பேர் கிடைக்காவிட்டால் 2001 முதல் இயங்கும் பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் இருக்கிறது. அண்ணாமலை நகர் விடுதி அறையில் ஒருவரும் மஞ்சக்குப்பத்தில் ஒருவரும் இருந்துகொண்டு ஒரே ஜோடியாக ஆடலாம். கணினியோடு ஆடுவதில் ஒரு குறை: அது நம்மோடு ஏலத்தைப் பற்றி வாதாடாது.

ஸ்லாமுக்கு மட்டும் தனியாகப் பயிற்சி எடுக்க இரண்டு பேரும் ஒரு கட்டும் போதும். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே தினமும் ரயிலில் போய்வரும் இருவருக்கு ஏற்ற வேலை. கட்டிலிருந்து எல்லா 2, 3, 4-ஐயும் எடுத்துவிடுங்கள். மிஞ்சும் 40 சீட்டைக் கலைத்து ஆளுக்கு 13 போடுங்கள். சாதாரணமாக ஒரு ஜோடிக்குச் சராசரி 20 புள்ளி விழும். சின்னச் சீட்டு போனதால் அது 26 ஆகிவிடும், ஸ்லாம் அடிக்கடி எட்டிப் பார்க்கும். ஏலத்தை மட்டும் கேட்டு, ஒவ்வொரு கேள்வியையும் நோட்டில் எழுதுங்கள். பாஸ் ஆனதும் இரண்டு கையையும் விரித்து, வரும் பிடிகளை எண்ணுங்கள். பிறகு நோட்டைப் பாருங்கள்: எந்தக் கேள்வியைக் கேட்டதும் உங்கள் கையின் மதிப்பு ஏறியது அல்லது இறங்கியது என்று இருவரும் தனித்தனியாகக் கோடு போடுங்கள். கோடு ஒரே இடத்தில் விழாத கைகளை மட்டும் பேசித் தீர்த்தால் போதும். மற்றதை அடுத்த ஸ்டேஷனுக்குள் கலைத்துப் போட்டுவிடலாம்.